வாயைக் கட்டினால் போதாதா? எடை குறைக்கும் ஊசிக்கு மருந்துச் சீட்டு கேட்கும் முன் எழும் கேள்விகள்

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். மருந்து எழுதித் தருவது என் வேலையல்ல, அது மருத்துவரின் வேலை. ஆனால் சீட்டு வாங்கியவர்களும், வாங்கலாமா என்று தயங்குகிறவர்களும் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிறகு, அவர்கள் என்னிடம் அதிகம் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

"நான்கு மாதம் வாயைக் கட்டினால் எடை தானாகக் குறையுமே, அதற்கு எதற்கு ஊசி?"

நோயாளிகளைவிட, அவர்களை அழைத்து வரும் உறவினர்களே இதை அதிகம் கேட்கிறார்கள். நான் தினமும் பார்ப்பது வாயைக் கட்டிப் பார்த்தவர்களைத்தான். கொள்ளு ரசம், தேன் கலந்த வெந்நீர், பேலியோ, இரவு வெறும் கேழ்வரகுக் கூழ் என்று பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொன்றாக முயன்று, ஆறு கிலோ இறக்கி எட்டுக் கிலோ ஏற்றிக்கொண்டவர்கள். அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

எடை இறங்கும்போது உடல் அதைப் பஞ்சம் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் கூடுகிறது. "போதும்" என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. ஆகவே பழைய எடைக்குத் திரும்புவது பெரும்பாலும் உடலின் வேலை.

நாம் சாப்பிட்டவுடன் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். வெகோவியில் உள்ள செமாக்ளூடைட் அதே வேலையைச் செய்து ஒரு வாரம் தாங்குகிறது. மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட், ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மூளையில் பசி தணிகிறது. என்னிடம் வரும் ஒரு தலைமையாசிரியை சொன்னார்: "அடுத்த வேளைக்கு என்ன என்ற நினைப்பு முப்பது வருடங்களாக உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது நின்ற பிறகுதான், மற்றவர்களுக்கு அப்படி ஓடுவதில்லை என்பதே எனக்குத் தெரிந்தது."

உணவும் நடையும் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இந்த மருந்துகளுக்கு அனுமதி தரப்பட்டதே அவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தத்தான்.

"எனக்கு இது பொருந்துமா? எத்தனை கிலோ இருந்தால் கேட்கலாம்?"

கிலோ கணக்கு மட்டும் போதாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., இங்கே முதல் அளவுகோல். இந்தியாவில் இந்த ஊசிகளுக்கான அனுமதி, அது 30-ஐத் தொட்டவர்களுக்கும், 27-ஐத் தொட்டு எடையோடு தொடர்புடைய ஒரு நோயாவது உள்ளவர்களுக்கும் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவை அந்த நோய்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 77 கிலோ இருந்தால் 30-ஐத் தாண்டுகிறார். 70 கிலோ இருந்தால் 27-ஐச் சற்றே கடக்கிறார்.

ஆனால் நம் உடல்வாகு வேறு. கை கால்கள் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பதை நாம் "கொஞ்சம் தொப்பை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்த வயிற்றுக் கொழுப்புதான் கல்லீரலையும் கணையத்தையும் படுத்துகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை என்றும் 25-க்கு மேல் உடல் பருமன் என்றும் 2009-லேயே நம் மருத்துவ வல்லுநர்கள் தனி வரம்பு வகுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு.

எனவே அளவு நாடாவைக் கையில் எடுங்கள். உங்கள் பி.எம்.ஐ. 26 என்றால் ஊசிக்கான வரம்புக்கு வெளியே இருக்கிறீர்கள். இடுப்பு 98 செ.மீ. என்றால் மருத்துவரிடம் போக வேண்டியவர்களில் கட்டாயம் இருக்கிறீர்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

"தை மாதம் கல்யாணம். அதற்குள் ஆறு கிலோ குறைய வேண்டும். போட்டுக்கொள்ளலாமா?"

வேண்டாம். இது முகூர்த்த நாளுக்கான மருந்தல்ல. முதல் மாத அளவுகள் எடையைக் குறைப்பதற்காகத் தரப்படுவதே இல்லை, உடலைப் பழக்குவதற்காக. திருமணத்துக்குப் பிறகு விரைவில் குழந்தை வேண்டும் என்ற எண்ணமும் இருந்தால், இன்னும் உறுதியாக வேண்டாம். கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாக்ளூடைடை நிறுத்திவிட வேண்டும்.

"மருத்துவரிடம் எப்படிக் கேட்பது? சொல்லவே வெட்கமாக இருக்கிறது."

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கேட்க யாரும் தலை குனிவதில்லை. இதற்கு மட்டும் குனிகிறோம். எடைக்காக வகுப்பறையில் தொடங்கி பெண் பார்க்கும் படலம் வரை கேட்ட பேச்சுகள் அப்படிப் பழக்கிவிட்டன. "என் எடைக்குச் சிகிச்சை வேண்டும், மருந்து எனக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு தொடங்குங்கள். பொது மருத்துவரோ நாளமில்லாச் சுரப்பி நிபுணரோ இதைப் பார்ப்பார்.

போகும்போது ஒரு தாள் எழுதிக்கொண்டு போனால் நேரம் வீணாகாது. எந்த வயதிலிருந்து எடை ஏறியது, இதுவரை என்னென்ன முயன்றீர்கள், எவ்வளவு குறைந்து எவ்வளவு திரும்பியது, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாரடைப்பு, யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, இரவில் குறட்டை எப்படி. அதைவிட முக்கியம், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்களும். வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட், மனநலச் சிகிச்சைக்கான சில மருந்துகள், ஸ்டீராய்டு, இன்சுலின் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. சில நேரங்களில் அந்த மருந்தை மருத்துவர் மாற்றித் தருவதே சிகிச்சையாகிவிடும். நீங்களாக நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைவும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இருக்கின்றனவா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

இரத்தப் பரிசோதனை எதுவும் பார்க்காமல், முன்கதை கேட்காமல், இரண்டு நிமிடங்களில் சீட்டு எழுதித் தருகிறவரிடம் தொடர வேண்டாம். "முதலில் சோற்றைக் குறை, பிறகு வா" என்று திட்டி அனுப்புகிறவரிடமும் தொடர வேண்டாம். இரண்டாவது வகையினரால் மனம் உடைந்து, அடுத்த பல ஆண்டுகள் எந்த மருத்துவரையும் பார்க்காமல், கடைசியில் பாதத்தில் புண்ணோடு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

"இதற்கு முன்னால் வந்த எடை குறைப்பு மருந்துகளைத் தடை செய்துவிட்டார்களே. இதை மட்டும் எப்படி நம்புவது?"

நியாயமான அச்சம். சிபுட்ராமின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதால் இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்டது. ரிமோனபன்ட் மனச்சோர்வைத் தந்ததால் கைவிடப்பட்டது. ஜி.எல்.பி.-1 வகை மருந்துகள் சர்க்கரை நோய்க்காக 2005 முதலே பயன்பாட்டில் உள்ளவை. இதயத்துக்கு என்ன ஆகிறது என்பதும் தனியாகவே பார்க்கப்பட்டது. ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோயும் அதிக எடையும் இருந்து, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், செமாக்ளூடைட் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. என் தயக்கத்தைப் பெருமளவு மாற்றியது இந்த முடிவுதான்.

"எவ்வளவு குறையும்?"

2021-ல் வெளியான ஆய்வில், செமாக்ளூடைட் 2.4 மி.கி. போட்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. வெறும் உப்பு ஊசி போன்ற போலி மருந்து பெற்று, அதே உணவு ஆலோசனையும் பெற்றவர்களுக்கு 2.4 சதவீதம். டிர்செபடைடின் உயர்ந்த அளவில், 72 வாரங்களில் சுமார் 21 சதவீதம். சராசரி என்பதை மறக்க வேண்டாம். சிலருக்கு அதைவிடக் கூடுதலாகக் குறைகிறது, சிலருக்குக் கொஞ்சம்தான் குறைகிறது. காலத்தையும் கவனியுங்கள். ஒன்றரை ஆண்டுக்கு நெருக்கமாக ஆகிறது.

"நிறுத்திவிட்டால் எடை திரும்பி வருமா?"

சீட்டு கேட்கும் முன் நீங்கள் யோசிக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலும் திரும்பி வரும். மேலே சொன்ன செமாக்ளூடைட் ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை, மருந்து நின்ற பிறகு ஓராண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. 80 கிலோவிலிருந்து 68-க்கு இறங்கியவர் மீண்டும் 76-ஐ நெருங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இறங்கியிருந்த இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பழைய இடத்தை நோக்கி நகர்ந்தன. டிர்செபடைடிலும் இதே கதைதான்.

இது மருந்தின் தோல்வி என்று சொல்ல முடியாது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். உடல் பருமன் நாள்பட்ட நோய், ஆகவே சிகிச்சையும் நாள்பட்டது. ஆனால் நம் வீடுகளில் இதை ஒரு கோர்ஸ் போல, ஆன்டிபயாடிக் போல நினைத்துத் தொடங்குகிறார்கள். ஆறு மாதம் போட்டு, குறைந்ததும் நிறுத்தி, ஏறியதும் மனமுடைந்து வருகிறார்கள். ஏறும்போது திரும்புவது பெரும்பாலும் கொழுப்பு. இழந்த தசை அதே அளவுக்குத் திரும்புவதில்லை. முன்பு இருந்ததைவிட மோசமான நிலையில் நிற்கிறோம்.

எனவே "எத்தனை மாதம் போட வேண்டும்?" என்பதற்குப் பதிலாக, "இரண்டு மூன்று ஆண்டுகள், ஒருவேளை அதற்கும் மேல், இதோடு வாழ நான் தயாரா?" என்று கேட்டுப் பாருங்கள். மனம் இல்லை என்று சொன்னால் அந்தப் பதிலை மதியுங்கள்.

"பணம் எவ்வளவு ஆகும்?"

வெகோவி வந்தபோது தொடக்க அளவுகள் மாதம் 17,345 ரூபாய், உச்ச அளவு 26,015 ரூபாய். சில மாதங்களிலேயே நிறுவனம் விலையைக் குறைத்தது. மவுஞ்சாரோவின் 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாயில் தொடங்கியது. வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000. 2026 மார்ச்சில் செமாக்ளூடைடின் காப்புரிமை முடிந்து, இந்திய நிறுவனங்களுக்கு வழி திறந்தது. விலை இனி இறங்குமுகம்தான்.

ஆனாலும் முதல் மாத விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மருந்தின் அளவு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏறும், பெரும்பாலும் விலையும் கூடவே ஏறும். உச்ச அளவின் மாத விலையைக் கேட்டு, 24-ஆல் பெருக்குங்கள். மருத்துவர் கட்டணம், இரத்தப் பரிசோதனைகள் சேருங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம். நகையை அடகு வைத்து இதைத் தொடங்க நினைத்த ஒரு அக்காவை நான் தடுத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு மட்டும் பணம் இருந்தால், அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவுகள் உண்டு.

"வாந்தி வரும் என்கிறார்களே?"

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் ஆகியவை பலருக்கும் வரும். அளவு கூட்டிய வாரங்களில் அதிகம், பிறகு தணியும். வயிறு நிறைந்த உணர்வு வந்ததும் அந்தக் கவளத்தோடு நிறுத்துவது, எண்ணெயில் பொரித்ததைக் குறைப்பது, தண்ணீரை நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிப்பது நல்ல பலன் தரும். விருந்தில் "இன்னும் ஒரு கரண்டி" என்று பாயசம் ஊற்றுகிறவர்களிடம் இலையை மடித்துவிடுங்கள். இந்த மருந்தில் இருப்பவருக்கு அந்த ஒரு கரண்டி இரவு முழுக்க வாந்தியாகும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை வேறு. முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலா எலும்பின் கீழ் வலியும் காய்ச்சலும் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், வேகமாக எடை குறைகிற யாருக்கும் அது வரக்கூடும். நிற்காத வாந்தி உடல் நீரை வற்றச் செய்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். திடீரென்று பார்வை மங்கினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. செமாக்ளூடைடால் மிக அரிதாகப் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025-ல் எச்சரித்தது. ஏதேனும் அறுவைச் சிகிச்சை இருந்தால், மயக்க மருந்து நிபுணரிடம் இந்த ஊசி பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம்.

"யாருக்குக் கூடவே கூடாது?"

தமக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்தவர்களுக்கும், எம்.இ.என்.-2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வேண்டாம். முன்பு கணைய அழற்சி வந்தவர்களும், இரைப்பை இயக்கம் ஏற்கெனவே மந்தமாக உள்ளவர்களும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பழக்கமோ, பட்டினி கிடக்கும் பழக்கமோ இருந்தால், முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி: டிர்செபடைட் அதன் பலனைக் குறைக்கக்கூடும். தொடங்கிய பின் நான்கு வாரங்களும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரங்களும் வேறு தடுப்பு முறை தேவை.

"ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்."

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிதாகக் கவலையில்லை. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் ஆபத்து உண்டு. அவற்றின் அளவை மருத்துவர் குறைத்த பிறகே ஊசி. பல ஆண்டு சர்க்கரை உள்ளவர்கள் தொடங்கும் முன் விழித்திரைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம்.

"ஊசி போட்டால் சோறு சாப்பிடலாமா?"

சாப்பிடலாம். என் கவலை சோற்றைப் பற்றியதல்ல, சோற்றோடு வேறு எதுவும் இல்லாததைப் பற்றியது. குறைகிற எடையில் கால் பங்கு, சிலருக்கு அதற்கும் மேல், தசை முதலான கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது. பசியே இல்லாதபோது நம் மக்கள் செய்வது என்ன? இரண்டு இட்லி, கொஞ்சம் மோர்ச்சாதம், ஒரு டீ, அதோடு நாள் முடிந்துவிடுகிறது. அதில் புரதம் 15 கிராமைத் தாண்டினால் அதிசயம். ஆறு மாதத்தில் எடை இறங்கியிருக்கும், ஆனால் மாடிப்படி ஏறக் கால் நடுங்கும், முடி கொட்டும்.

சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் எடுக்க நான் சொல்கிறேன். தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல், கெட்டிப் பருப்பு ஆகியவற்றைச் சாப்பிடுங்கள். கடைசியாகச் சோறு, வயிற்றில் இடமிருந்தால். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராம் கிடைக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். உடற்பயிற்சிக் கூடம் அவசியமில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும், தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்களைத் தூக்குவதையும் அறுபது வயதுக்காரர்களும் என்னிடம் செய்கிறார்கள்.

"ஊசிக்குப் பதில் மாத்திரை இல்லையா?"

செமாக்ளூடைட் மாத்திரை, ரைபெல்சஸ் என்ற பெயரில், 2022 முதல் இந்தியாவில் சர்க்கரை நோய்க்குக் கிடைக்கிறது. வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீருக்கு மிகாமல் விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். ஆர்லிஸ்டாட் என்ற இன்னொரு மருந்து கொழுப்பு செரிப்பதைத் தடுக்கிறது, எடை குறைவு சிறிது, எண்ணெய்க் கழிச்சல் தொல்லை அதிகம். ஊசிக்குப் பயப்பட வேண்டாம், அது இன்சுலின் பேனா ஊசி போல மெல்லியது, வாரம் ஒருமுறைதான்.

"தெரிந்தவர் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார்."

வாங்காதீர்கள். போலி செமாக்ளூடைட் பல நாடுகளில் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. மருந்து உண்மையானதாகவே இருந்தாலும், அது 2 முதல் 8 டிகிரியில் இருந்து வந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் ஒரு கூரியர் பை எவ்வளவு சூடாகும் என்று எண்ணிப் பாருங்கள். ரசீதோடு, குளிர்பெட்டியோடு தரும் கடையில் வாங்குங்கள். ஒரே பேனாவைக் கணவனும் மனைவியும் பகிர்ந்துகொள்வதாக என்னிடமே சொன்னார்கள். ஊசி முனையை மாற்றினாலும் கூடாது, இரத்தத்தில் பரவும் தொற்றுகள் அப்படியும் பரவும்.

"வேண்டாம் என்று முடிவு செய்தால் எனக்கு வேறு வழியே இல்லையா?"

உண்டு. சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்தார்கள். எந்தத் தலையீடும் இல்லாதவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் இதில் நான் எல்லோருக்கும் சொல்வது. எடைத்தட்டு அசையாத மாதங்களிலும் நடை பலன் தருகிறது. மறுபக்கம், பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டி, சர்க்கரையும் மூச்சுத் தடையும் சேர்ந்திருந்தால், இரைப்பைச் சுருக்க அறுவைச் சிகிச்சை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

"முடிவெடுக்க எவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளலாம்?"

இடுப்பு அளவு, எடை, மருந்துப் பட்டியல், 24 மாதச் செலவுக் கணக்கு, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுத ஒரு மாலை போதும். மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனை முடிவுகள் வர ஒரு வாரம். அதன் பிறகு இரண்டு வாரம் யோசித்தால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் இரவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்கள் என்றாலோ, நாலு எட்டு வைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்றாலோ, ஊசியைப் பற்றிய யோசனையை ஒதுக்கி வைத்துவிட்டு நாளைக் காலையே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலி இருந்தால் காலைவரையும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.